ஒரு கிலோமீட்டர் கூடுதல்

அறுவடை லோடு ஓட்டும் வேலையில், வண்டியில் நெல் ஏறுவதற்கு முன்பே ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் ஏறிவிடும். விவசாயிக்கு டிரைவர் மேல், டிரைவருக்கு லோடுமேன் மேல், லோடுமேனுக்குத் தராசு மேல். நீங்களும் வண்டி ஓட்டுகிறவராகவோ, வண்டி எப்போது வரும் என்று வரப்பில் நிற்கிறவராகவோ இருந்தால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். லாரி ஓட்டுவது இது முப்பத்தொன்பதாவது வருஷம். அறந்தாங்கிப் பக்கம் ஒரு முதலாளியிடம் பெரிய லாரி ஓட்டுகிறேன். தை, மாசியில் அது போதாது. முதலாளி குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றையும் இறக்குவார். அதை ஓட்ட வருஷா வருஷம் யாராவது ஒரு கல்லூரிப் பையன் வருவான். இந்த வருஷம் வந்தவன் ஆரோக்கியராஜ். சொந்த ஊர் ஆவூர். பி.காம். மூன்றாம் வருஷம், இங்கே அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறான். காலையில் கல்லூரி, இரண்டு மணிக்கு மேல் வண்டி. மாசி முடிவதற்குள் ஃபீஸ் கட்டினால்தான் ஹால் டிக்கெட். அதற்காகத்தான் வந்திருக்கிறான்.

அடையாள அட்டை

முதல் நாள், வயல்காரர் குட்டியானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பிறகு ஆரோக்கியராஜையும் அப்படியே மேலும் கீழும் பார்த்து, லைசன்ஸைக் காட்டச் சொன்னார். பையன் பதற்றத்தில் கல்லூரி அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டான். அவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பி.காம். படிக்கிறீங்க, சந்தோஷம். வரப்பு இடியாம ரிவர்ஸ் எடுக்கிறதுக்கு அதுல எத்தன மார்க்கு?"

நோட்டு

வண்டி கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், மூட்டை, மீட்டரில் கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. இரண்டு வண்டிக்கும் நான்தான் எழுதுவேன். எனக்குப் பேச வராது. எழுதுவது சுலபம். பையன் வண்டியை நிறுத்தியதும் போய் மீட்டரை எட்டிப் பார்ப்பேன், எழுதுவேன், வந்துவிடுவேன்.

மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் அவன் வண்டியை விட்டு இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பீரியடை விட்டுவிட்டு வருகிறவன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"ஐயா, மறைக்காமச் சொல்லுங்க. எங்க காலேஜ்ல அட்டெண்டன்ஸ் பாக்கச் சொல்லி அனுப்புன ஆளா நீங்க?"

பின்னால் வந்த மொபெட்

வயலிலிருந்து கொள்முதல் நிலையம் ஏழு கிலோமீட்டர். ஒரு விவசாயி தன் இருபத்தைந்து மூட்டையைக் குட்டியானையில் ஏற்றிவிட்டு, மொபெட்டில் பின்னாலேயே வந்தார். வண்டி மெதுவாகப் போனால் அவரும் மெதுவாக. பையன் தண்ணீர் குடிக்க நிறுத்தினால் அவரும் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நிலையத்தில் இறங்கியதும் மூட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்தைந்தும் இருந்தன. அவருக்கு அதில் ஒரு சின்ன ஏமாற்றம்கூட இருந்த மாதிரி தெரிந்தது.

"தம்பிய நம்பாம வரல. வழியில மூட்ட விழுந்தா எடுத்துக் குடுக்கலாமேன்னு வந்தேன்."

பதினான்கும் பதினைந்தும்

போக ஏழு, வர ஏழு, ஒரு நடைக்குப் பதினான்கு. பெரிய லாரிக்கு எல்லா நடையும் பதினான்கு. குட்டியானைக்கு முதல் நான்கு நாள் பதினான்கு. ஐந்தாம் நாளிலிருந்து தினமும் அதன் முதல் நடை மட்டும் பதினைந்து. நேரமும் இருபது நிமிஷம் கூட. இரண்டாவது நடை பழையபடி பதினான்கு.

மீட்டர் கோளாறு என்றால் எல்லா நடையிலும் காட்டும். ஒரு நடையில் மட்டும் காட்டினால் அது ஆள் கோளாறு. நான் அந்தப் பதினைந்துகளுக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன். பையனிடம் கேட்க இரண்டு தடவை பக்கத்தில் போனேன். ஒரு தடவை மணி என்ன என்று கேட்டேன். இன்னொரு தடவை சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

முதலாளி நோட்டைப் புரட்டினார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். அவருக்கும் அவசரப்பட்டு ஒருவனை வேலையை விட்டு அனுப்ப மனமில்லை.

"நமக்குத் தெரியாம சைடு லோடு அடிக்கிறானான்னு பாருங்கண்ணே. ஆமான்னா நீங்களே சாவிய வாங்கிருங்க, எங்கிட்டக் கேக்க வேணாம்."

சீட்டுக்கு அடியில்

அன்று முழுவதும் அவன் ஹால் டிக்கெட் என் கையில் இருப்பது போலவே இருந்தது. எட்டாம் நாள் அவன் டீ குடிக்கப் போன நேரம் குட்டியானைக்குள் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே கொள்ளு. கையால் தூக்கிப் பார்த்ததில் இரண்டு கிலோவுக்குக் குறையாது. புதுக் கொள்ளு, தூசிகூடப் போகவில்லை. நாங்கள் ஏற்றுவது நெல் மட்டும்.

என் தோளுக்கு மேலே லோடுமேன் கருப்பையாவும் எட்டிப் பார்த்தார். அவருக்கு எதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு.

"நெல்லு நமக்கு, கொள்ளு அவனுக்கு. விவரமான புள்ளதான், என்ன இருந்தாலும் காமர்ஸுல்ல."

பன்னிரண்டு

ஒன்பதாம் நாள், பையன் முதல் நடையை இறக்கித் திரும்பும் நேரம் பார்த்து நானும் காலி லாரியோடு பின்னால் போனேன். நான் எப்போதும் புது பைபாஸில் வருவேன். அவன் பழைய ரோட்டில் திரும்பினான். அதுவும் அதே ஏழு கிலோமீட்டர்தான். ரேஷன் கடையைத் தாண்டியதும் ரோட்டில் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. யாருடைய வயலில் கொள்ளு அறுத்தாலும் ரோட்டில்தான் போடுவார்கள். போகிற வண்டிச் சக்கரம் அடித்துக் கொடுத்துவிடும். பைபாஸ் திறந்த பிறகு பழைய ரோட்டில் போகிற வண்டி ஏது?

குட்டியானை செடி மேல் ஏறிப் போனது. ஐயனார் கோயில் திடலில் திரும்பியது. மறுபடி ஏறி வந்து ரேஷன் கடை வாசலில் திரும்பியது. இப்படியே பன்னிரண்டு தடவை. ஓரத்தில் நின்ற ஓர் அம்மாள் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவன் போய்விட்டான். அம்மாள் என் லாரியைப் பார்த்தார். இரண்டு வண்டி நெற்றியிலும் ஒரே பெயர் எழுதியிருக்கும். முறத்தை ஆட்டி நிறுத்தினார்.

"அந்தத் தம்பி கம்பெனிதானே? நாள் முழுக்க உக்காந்திருந்தா நாலு மொபெட்டு வருதுங்க. பெரிய வண்டியா இருக்கு, அடி நல்லா விழும். கொஞ்சம் ஏத்திக் குடுத்துட்டுப் போங்களேன்."

மாட்டேன் என்று சொல்வதற்கும் பேச வேண்டுமே. திருப்பித் திருப்பி ஏற்றினேன். போதும் என்று தோன்றியபோது நிறுத்தினேன். அம்மாள் ஒரு மஞ்சள் பையை ஜன்னல் வழியாகச் சீட்டில் வைத்தார். வைத்துவிட்டு, மனசிலிருந்ததையும் சொன்னார்.

"பத்துதான் ஆச்சுங்க. அந்தத் தம்பி பன்னெண்டு ஏத்தும்."

சாவி

வயலுக்குத் திரும்பியபோது முதலாளி நின்றிருந்தார். நான் என் நடையை நோட்டில் எழுதினேன். பதினைந்து. மறைக்க எனக்குத் தெரியாது, சிவப்புக் கோடும் போட்டேன். அவர் நோட்டைப் பார்த்தார், பெரிய லாரிக்குள் பார்த்தார், மஞ்சள் பையைப் பார்த்தார். ஆரோக்கியராஜும் அந்தப் பையைப் பார்த்தான். முதல் முறையாக அவன் என்னைச் சந்தேகமில்லாமல் பார்த்தான். கருப்பையா மட்டும் இரண்டு சாவியையும் வாங்கலாம் என்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

நடந்ததைச் சொன்னேன். முப்பத்தொன்பது வருஷத்தில் எந்த முதலாளியிடமும் ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசியதில்லை. அவர் நோட்டை மூடி என்னிடமே கொடுத்தார். சாவி பையனிடமே இருக்கட்டும் என்றார். பழைய ரோட்டு நடைக்கு இனிமேல் பதினைந்து என்றே எழுதச் சொன்னார்.

ஆரோக்கியராஜ் குட்டியானையில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு சொன்னான்.

"மணி கேட்டீங்க, சாப்பிட்டியான்னு கேட்டீங்க. மூணாவதா இதையும் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே ஐயா."

இந்த சீசன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, பழைய ரோட்டில் என் லாரி பாக்கி வைத்த இரண்டு தடவையைத் தவிர.