வாலில் ஒன்றரை அங்குலம்

என் மேசை லாச்சிக்குள் ஒரு துணித் துண்டு கிடக்கிறது. ஒரு சாண் நீளம், ஒன்றரை அங்குல அகலம். செங்கல் நிறப் பூச்சு ஊறிக் காய்ந்து, கருவாடு மாதிரி விறைத்துப் போயிருக்கிறது. வீடு துப்புரவாக்கும்போதெல்லாம் என் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு குப்பைக் கூடைப் பக்கம் நடப்பாள். நான் பின்னாலேயே ஓடிப் பறித்துக்கொண்டு வருவேன். முப்பது வருடமாக நடக்கிற கூத்து இது. "அப்பிடி என்ன பெரிய சாமான்?" என்று கேட்பாள். "உம்முடைய அக்காவின்ர ஞாபகம்" என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை.

அவளுடைய அக்கா எனக்கு மச்சாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கு மச்சாளுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று ஒரு முதலாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் மனிசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை. ஊரில் மச்சாள் தையற்காரி. அவர் தைத்த சாறிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தாலி கட்டிக்கொண்ட பெண்கள் எங்கள் பகுதியில் எத்தனையோ பேர்.

எனக்கு லண்டனின் கிழக்கு எல்லையைத் தாண்டி ஒரு சின்ன விமானத் திடலில் வேலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானங்களைப் பழைய கொட்டில்களிலிருந்து எடுத்து வந்து, மறுபடி பறக்க வைக்கிற பட்டறை. நான் களஞ்சியக்காரன், எந்த ஆணி எந்தத் தட்டில் என்பது என் பொறுப்பு. கடிதம் தட்டச்சு செய்வதும் நான்தான். அங்கே தினமும் ஒரு சண்டை நடக்கும், அதைப் பார்க்கவே நான் நேரத்துக்கு வேலைக்குப் போவேன். அப்போது பட்டறையில் நின்ற விமானத்தின் சொந்தக்காரர் ஒரு பக்கம்: அன்றைக்கு எந்தத் துணியோ அதே துணி, எந்தப் பூச்சோ அதே பூச்சு, இல்லாவிட்டால் இது அந்த விமானமே இல்லை என்பார். தலைமைப் பொறியாளர் மறுபக்கம்: மேலே போகிற மனிதன் கீழே இறங்கி வர வேண்டும், அதற்கு எது நல்லதோ அதைத்தான் போடுவேன் என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்ததுதான் பெரிய தொந்தரவு.

அந்த விமானத்துக்கு உடம்பு உலோகம். வாலில் அசைகிற பலகைக்கு மட்டும் துணிப் போர்வை, அதன் மேல் துணியை இறுக்குகிற பூச்சு. மூக்கை மேலே தூக்குவதும் கீழே தாழ்த்துவதும் அந்தப் பலகைதான். சொந்தக்காரருக்கு லினன் வேண்டும். பொறியாளருக்கு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் இறுகிக்கொள்கிற புதுப் பொலியெஸ்டர் வேண்டும். எழுபது தரம் வாய்ச்சண்டை பிடித்து, கடைசியில் லினன் வென்றது. ஒரே சீராகக் கையால் தைக்க ஆள் வேண்டுமென்று பொறியாளர் சொன்னபோது, என் மச்சாள் இருக்கிறா என்று நான் வாயைத் திறந்தேன்.

முதல் நாள் அவர் விமானத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு என் காதுக்குள் கேட்டார்: "இது ஆருக்கு மேல குண்டு போட்டது?" ஊரில் அந்த வருடம் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். "இது குண்டு போடுற பிளேன் இல்லை மச்சாள், குண்டு போட வந்ததுகளைத் துரத்தினது" என்றேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. எனக்கு வசதியான மறுமொழி வாயில் சட்டென்று வந்துவிடும். இது என் சுபாவம். "அப்ப தைக்கலாம்" என்று சொல்லிக் கைப்பையைக் கொக்கியில் கொழுவிவிட்டுத் தைக்க இருந்துவிட்டார்.

என்ன தையல் அது! மெழுகு பூசிய நூல், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி. பொறியாளர் அளவுகோலோடு வந்து குனிந்து பார்ப்பார். பிறகு அளவுகோலைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை ஓட்டப்போகிற விமானி ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர், மீசை பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. மச்சாள் பொரித்துக் கொண்டுவருகிற பற்றிஸில் நாலைந்தைத் தின்றுவிட்டுத்தான் தன் சாண்ட்விச்சைப் பிரிப்பார். மூன்று மாதத்தில் பட்டறையே மச்சாளைச் சுற்றித்தான் ஓடியது. கடிதத்தை வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டுத் தருவதாகப் பொறியாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் பலகையை நிறுத்துப் பார்த்தார்கள். கீல் இருக்கிற கோட்டில் அதை இரண்டு பக்கமும் தாங்கவிட்டால், தராசு மாதிரி மட்டமாக நிற்க வேண்டும். எங்கள் பலகை பின்பக்கம் சாய்ந்துகொண்டு போய்விட்டது. பின்பக்கம் பாரமான வாற்பலகை வேகத்தில் படபடவென்று அடிக்கத் தொடங்கும். அடித்தால் வால் கழன்று போகும். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை. பொறியாளர் சொந்தக்காரரைப் பார்த்து, இதுதான் உங்கள் பழைய துணியும் பழைய பூச்சும் என்றார். எல்லாவற்றையும் கிழித்தெறிந்துவிட்டுப் பொலியெஸ்டர் போடப் போவதாகச் சொன்னார். சொந்தக்காரரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மச்சாள் எழும்பி வந்தார். பலகையின் பின் ஓரத்தை விரலால் நசுக்கிப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "துணியில பிழை இல்லை, பிழை என்னில. சட்டைக்கு விடுறமாதிரி உள்ளுக்க ஒண்டரை அங்குலம் மடிச்சு விட்டிட்டன், கைப் பழக்கத்தில. அந்த மடிப்பு முழுக்கப் பூச்சைக் குடிச்சிருக்கும். இவைக்குச் சொல்லும்" என்றார்.

எங்கள் பெண்களுக்கு இது விளங்கும். நாளைக்கு உடம்பு வைத்தால் பிரித்து விடுவதற்கென்று சாறிச் சட்டையின் உட்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைக்காத தையற்காரி ஊரில் இல்லை. அந்தக் கை, ஒருநாளும் உடம்பு வைக்காத ஒரு விமானத்துக்கும் துணி விட்டிருக்கிறது. வெளியே தையலை எண்ணி எண்ணிப் பார்த்தவர்களுக்கு உள்ளே பார்க்கத் தோன்றவில்லை.

என் மூளை குதிரை வேகத்தில் ஓடியது. எப்படியும் கிழிக்கத்தானே போகிறார்கள், கிழித்த துணியோடு இந்தக் கதையும் குப்பைக்குப் போய்விடும், ஒருவருக்கும் கேடில்லை. சொன்னால் கடிதம் போச்சு. லொட்ஜ் அறையில் இருக்கிற பிள்ளைகள் அங்கேயே. ஆகவே நான் பொறியாளரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: துணி பாரம்தான், தனக்கும் அப்படித்தான் படுகிறது என்று இவர் சொல்கிறார்.

மச்சாளுக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் மூன்று மாதம் காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாரே! என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசும். பிறகு மேசையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து, தானே நாட்கணக்காகத் தைத்த ஓரத்தைக் கறகறவென்று வெட்டித் திறந்தார். உள்மடிப்பில் ஒரு துண்டை நறுக்கிப் பொறியாளரின் உள்ளங்கையில் வைத்தார். நெஞ்சைத் தொட்டு, "மை மிஸ்டேக்" என்றார்.

பொறியாளர் அந்தத் துண்டை நெடுநேரம் கையில் எடை பார்த்தார். பிறகு அதை என்னிடம் தந்துவிட்டு, கடிதம் அடிக்க வரச் சொன்னார். வேலை போகிற கடிதம் என்றே நினைத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: இவருக்கு இங்கே நிரந்தர வேலை உண்டு, ஒருவரும் கண்டுபிடிக்க முடியாத தன் பிழையைத் தானே காட்டிக் கொடுத்தவர், இவர் தைத்த விமானத்தில் என் மகனையும் ஏற்றுவேன். அந்த வரிகளை என்னைக்கொண்டே அடிப்பித்தது விதி. நான் சொன்ன பொய் பொறியாளருக்குத் தெரியாது.

எப்போதும் முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வருகிற மச்சாள் அன்று காரில் பின்னால் ஏறினார். கடிதத்தைக் கொடுத்தேன், வாசிக்கச் சொன்னார், வாசித்தேன், அழுதார். வீட்டை நெருங்கும்போதுதான் சொன்னார்: "நீர் என்னைக் காப்பாத்தத்தான் பாத்தனீர், எனக்கு விளங்குது. ஆனா அடுத்த பலகையையும் நான்தானே தைப்பன்? இதே கை இதே மாதிரி மடிச்சு விட்டா, என்ர பற்றிஸ் திண்ட அந்த மனிசனை ஆர் காப்பாத்துறது?" எனக்கு அந்த யோசனை வரவேயில்லை என்பதுதான் வெட்கக்கேடு. "தங்கச்சிக்கு நான் சொல்லமாட்டன்" என்றும் சொன்னார்.

பலகைக்கு மறுபடி லினன்தான். இந்த முறை நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்: துணி பழைய துணியாகவே இருக்கட்டும், உள்ளே கட்டுகிற நூல் மட்டும் புது நூலாக இருக்கட்டும், பழைய நூல் ஈரத்துக்குப் பழுதாகும் என்றார் மச்சாள். "கண்ணுக்குத் தெரியிறது பழசாய் இருக்கட்டும், உயிரைப் பிடிக்கிறது புதுசாய் இருக்கட்டும்." சொந்தக்காரரும் பொறியாளரும் முதல் முறையாக ஒன்றாகத் தலையாட்டினார்கள். பலகை மட்டமாக நின்றது.

வசந்த காலத்தில் விமானம் பறந்தது. தலைக்கு மேலால் முழங்கிக்கொண்டு போனபோது மச்சாள் சட்டென்று புல்லில் குந்திவிட்டார். ஊரில் பழகிய உடம்பு. பிறகு எழும்பி, பாவாடையைத் தட்டிக்கொண்டு, அது இறங்கும் வரைக்கும் வாலை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய இரண்டு பக்கமும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள் நின்றார்கள், பின்னால் கணவர், மூவரும் லண்டன் வந்து பத்து நாள்.

மச்சாள் இப்போது தெற்கு லண்டனில், நோர்பரியில் மூத்த மகளோடு. கண் மங்கிவிட்டது, ஆனாலும் பேத்திக்குச் சட்டை தைக்கிறார், உள்ளே துணி விட்டுத்தான். "மனுசர் பெருப்பினம், பிளேன் பெருக்காது" என்று சிரிக்கிறார். போன மாதம் இந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய், உங்களைப் பற்றி எழுதட்டோ என்று கேட்டேன். விரலால் தடவிப் பார்த்தார். "ஓம், எழுதும். என்ர பிழையை எழுதும். நீர் சொன்னதையும் எழுதும்."

வீட்டுக்கு வந்து இதை எழுதி முடித்து, என் மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு எழும்பினாள். மேசையில் கிடந்த அந்தத் துண்டை எடுத்தாள். குப்பைக் கூடைப் பக்கம் போகவில்லை. லாச்சியைத் திறந்து, தானே உள்ளே வைத்து மூடினாள்.