காற்சட்டைப் பையில் மணல்

என் அண்ணி ஒரு விளையாட்டு மைதானத்தைப் பார்க்கிற பார்வை, வீடு வாங்க வருகிறவர்களிடம்கூட இருக்காது. சறுக்குமரத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். ஊஞ்சல் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவார். வாசற்கதவு சரியாகச் சாத்துகிறதா, குழந்தை ஓடினால் சாலை எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். கடைசியில், யார் சிரித்தாலும் கவலைப்படாமல், தானே ஒருமுறை சறுக்கி இறங்குவார்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அண்ணிக்கு ஒரு தையல் கடை. புதுத்துணி தைப்பதில்லை. கிழிசல் தைப்பது, ஜிப் மாற்றுவது, நீளம் குறைப்பது, அவ்வளவுதான். நான் கூட உட்கார்ந்து பொத்தான் தைப்பேன், மீதி நேரம் வாயடிப்பேன். புறநகரில் குழந்தைகளுக்குக் குறைவில்லை, அதனால் கிழிசலுக்கும் பஞ்சமில்லை. பின்பக்கம் கோடு போட்ட மாதிரி கிழிந்து வந்தால், "கடைத்தெரு பார்க்ல சறுக்குமரத்துல ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு, அங்க விடாதீங்க" என்று சொல்லி அனுப்புவார். முட்டி தேய்ந்து வந்தால் அது சிமென்ட் தரை.

இவ்வளவு ஆராய்ச்சியும் குட்டிக்காக. குட்டி என் அண்ணன் மகள், ஏழு வயது. நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் ஊஞ்சல் வேகம் எடுத்தால் கத்துவாள். சந்தோஷத்தில் கத்துகிற கத்தல் அது, தெருமுனை வரைக்கும் கேட்கும். தெரியாதவர்கள் பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதென்று பதறி ஓடி வருவார்கள்.

எதிர்வீட்டுக்காரி மட்டும் பதறியதில்லை. அவளுக்கு இரட்டைப் பையன்கள். அண்ணியை வாய் நிறைய "அக்கா" என்பாள். அவள் பிள்ளைகளுக்கு அண்ணி பெரியம்மா, எங்கள் குட்டிக்கு அவள் சித்தி. குட்டியின் நாலைந்து வார்த்தைகளில் "சித்தி"யும் ஒன்று. அது முதலில் வாயில் வந்த அன்று அவள் அழுத அழுகையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அது நடிப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைதானம் தேடக் கிளம்பிவிடுவார்கள். ஒன்றில் நிழல் இருக்காது, ஒன்றில் நாய்த்தொல்லை, ஒன்றில் வளர்ந்த பையன்கள் பந்தைச் சுழற்றி அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை அண்ணி குழாய்ச் சறுக்கில் பாதியில் மாட்டிக்கொண்டார். எதிர்வீட்டுக்காரி கீழே நின்று காலைப் பிடித்து இழுக்க, செருப்பு மட்டும் கையோடு வந்ததாம். "அக்கா, நீங்க உள்ளேயே இருந்துக்கோங்க, வேளாவேளைக்குச் சாப்பாடு அனுப்புறேன்" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தேடியது வீண்போகவில்லை. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு மைதானம் கிடைத்தது. நல்ல நிழல், ஒழுங்கான கதவு, படுத்துக்கொண்டே ஆடுகிற மாதிரி பெரிய கூடை ஊஞ்சல். மற்ற இடங்களில் ரப்பர் விரிப்பும் சிமென்டும் என்றால், இங்கே மட்டும் தரை முழுக்க வெளுத்த பருமணல். குட்டி அந்த ஊஞ்சலில் படுத்து வானத்தைப் பார்த்துக் கத்தினாள். ஆட்டிவிட்டது எதிர்வீட்டுக்காரிதான். "கத்து கண்ணு, நல்லா கத்து" என்றாள். அன்றைக்கு குட்டி முரண்டு பிடிக்காமல் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கினாள். அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சில மாதம் போயிருக்கும். ஒருநாள் எதிர்வீட்டுக்காரி கடைக்கு வந்து நின்றாள். "அக்கா, தொட்டி மைதானத்தைப் பூட்டிட்டாங்க. ஏதோ ரிப்பேராம், எப்போ திறப்பாங்கன்னே தெரியல. குட்டியைக் கூட்டிக்கிட்டு அவ்வளவு தூரம் வீணா அலையாதீங்க."

அண்ணி நம்பினார். கூடப்பிறந்தவள் மாதிரி இருப்பவள் சொன்னால் யார்தான் போய்ச் சரிபார்ப்பார்கள்? குட்டிக்குத்தான் அது புரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். வேறு மைதானத்துக்குக் கூட்டிப்போனால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து சுவரில் தலையை முட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "பாவம்க்கா குட்டி" என்பாள். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு அவள் பையன்களின் காற்சட்டைகள் தைக்க வந்தன. அவள் வீட்டுத் துணிக்கு அண்ணி காசு வாங்கியதே கிடையாது. எதையும் மெஷினில் வைக்கும் முன் பையை வெளியே இழுத்து உதறுவது அண்ணியின் பழக்கம். உதறினார். மேசைமேல் மணல் கொட்டியது. வெளுத்த பருமணல், இன்னும் ஈரம் காயவில்லை.

"அண்ணி, இது..." என்றேன்.

"தெரியுது" என்றார். இன்னொரு காற்சட்டையையும் உதறினார். அதிலும் மணல். கொஞ்ச நேரம் அதை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெஷினை மூடிவிட்டுக் குட்டிக்குச் செருப்பு மாட்டினார். நானும் விடாமல் பின்னாலேயே போனேன்.

மைதானத்தில் பூட்டும் இல்லை, ரிப்பேரும் இல்லை. நிழலில் இருந்த பெஞ்சில் நாலைந்து அம்மாக்கள், நடுவில் எதிர்வீட்டுக்காரி. எங்களைக் கண்டதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் எழுவதற்குள் அவள் பையன்களில் ஒருவன் ஓடி வந்தான்.

"பெரியம்மா! குட்டிக்குக் காய்ச்சல் சரியாயிடுச்சா? ஒட்டிக்கும்னு அம்மா எங்களை உங்க வீட்டுக்கு விடவே இல்ல!"

எங்களுக்கு ஒரு பொய், பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு பொய்.

அவள் எழுந்து வந்து தாழ்ந்த குரலில் பேசினாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. குட்டி கத்துறதைப் பார்த்து இவங்க எல்லாம் முகம் சுளிக்கிறாங்க. இப்படின்னா எங்க பசங்களைக் கூட்டிட்டு வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. உங்க காதுல விழுந்தா மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"அவங்க சுளிச்சாங்க, சரி. நீ?" என்றார் அண்ணி.

அவள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன், அண்ணி என் கையை அழுத்தினார். குட்டி அதற்குள் ஊஞ்சலில் ஏறிப் படுத்துவிட்டாள். அண்ணி போய் ஆட்டிவிட்டார். குட்டி கத்தினாள். பெஞ்சில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. எதிர்வீட்டுக்காரி மட்டும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்சட்டைகளைத் தைத்து, இஸ்திரி போட்டு, என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். "அந்த மணலைத் திரும்பப் பைக்குள்ள கொட்டிக் கொடுங்க அண்ணி" என்றேன். "பிள்ளைங்க துணி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். இஸ்திரி போட்ட துணியை எடுத்து மறுபடியும் மடித்தார். "என்கிட்ட சொல்லியிருந்தா, யாரும் இல்லாத நேரமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போயிருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தடுப்பதற்குள் குட்டி எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். அவளுக்கு மைதானம் போகிற வழி அங்கேதான் ஆரம்பிக்கிறது. கதவு திறந்தது. "சித்தி" என்று விரலைப் பிடித்து இழுத்தாள்.

அவள் குட்டியின் தலைக்கு மேல் அண்ணியைப் பார்த்தாள். பிறகு குனிந்து விரலை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "சித்திக்குக் காய்ச்சல் கண்ணு. நீ அம்மாகூடப் போயிட்டு வா."

குட்டி போகவில்லை. குனிந்திருந்த அந்த நெற்றியில், அண்ணி செய்வது போலவே, புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். அவசரமில்லாமல், கையை எடுக்காமல் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரியால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.