பிராடி பெயரில் இருந்த வேலை

பருவம் முடியும் வாரம் வந்தாலே கெயில் ஹாக்ஸ்ட்ரோமுக்கு எரிச்சல் தொற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் மென்பொருள் வகுப்பு எடுப்பவள் அவள். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு செயலி எழுத வேண்டும். முடிந்ததும் தன் பங்கு எவ்வளவு என்று அவரவரே எழுதித் தர வேண்டும். வேலையே செய்யாதவன்தான் பக்கம் பக்கமாகத் தன்னைப் புகழ்ந்து எழுதுவான். அதனால் அவள் நம்பியது, எந்த வரி யார் கணக்கிலிருந்து வந்தது என்று கணினி காட்டும் பதிவை மட்டும்தான்.

அந்த முறை பிராடியும் யெசெனியாவும் ஒரு குழு. இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் தரும் உணவு வங்கிக்குத் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கும் செயலி அவர்களுடையது. பதிவு முழுக்கப் பிராடியின் பெயர். யெசெனியாவும் தன் பங்கு 'கொஞ்சம்' என்றே எழுதியிருந்தாள். கெயில் அவனுக்கு ஏ கிரேடு போட்டாள், அவளுக்கு டி.

மறுவாரம் உணவு வங்கியிலிருந்து போன் வந்தது. ஒரே வேலைக்குச் செயலி இரண்டு பேரை அனுப்புகிறதாம். கெயில் பிராடியைக் கூப்பிட்டாள்.

"நீ எழுதினதுதானே, சரி பண்ணு."

அவன் திரையை மேலும் கீழும் உருட்டினான். "இத யெசெனியாவத்தான் கேக்கணும், கெயில்."

"உன் பேர்தானே இருக்கு?"

"அவ லேப்டாப் போயிடுச்சு. என்னோடதுல உக்காந்து அடிச்சா. நான் பக்கத்துல இருந்து ஐடியா குடுத்தேன். டீம் ஒர்க்தானே!"

அவன் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினான். அதுதான் கெயிலுக்கு இன்னும் கடுப்பு.

யெசெனியா வந்தாள். நின்றபடியே பிழையைப் பிடித்துத் திருத்தினாள்.

"இத ஏன்மா எழுதித் தரல?"

"தந்திருந்தா நம்பியிருப்பீங்களா மிஸ்? நாங்க சொல்றத நம்ப மாட்டேன், பதிவு சொல்றதத்தான் நம்புவேன்னு முதல் வகுப்புலயே சொன்னீங்களே."

கெயில் மதிப்பெண்ணை மாற்றக் கேட்டு நேரே துறைத் தலைவரிடம் போனாள்.

"ரெண்டு பேருக்கும் பி போட்டு முடிச்சிடுங்க, கெயில். எதுக்கு வம்பு?"

"ஒருத்தி செஞ்ச வேலைக்கு ரெண்டு பேருக்கு எதுக்குங்க பி?"

அவர் அறைக்கு நடையாய் நடந்த பிறகு யெசெனியாவுக்கு ஏ கிடைத்தது. பிராடியின் ஏ அப்படியே நின்றது. கொடுத்ததைப் பிடுங்கினால் பையன் புகார் கொடுப்பான் என்றார் தலைவர்.

செய்தியைக் கேட்டு யெசெனியா சிரிக்கக்கூட இல்லை. "தேங்க்ஸ் மிஸ். அடுத்த பருவம் நான் தனியா செய்யலாமா?"

"முடியாதும்மா. குழுவாத்தான் செய்யணும்."

"தெரியும். சும்மா கேட்டேன்." பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கெயில் கதவைச் சாத்திவிட்டு அடுத்த பருவத்துப் பாடத்திட்டத்தைத் திறந்தாள். ஒவ்வொருவரும் தன் வேலையை நேரில் வந்து விளக்கிக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். அத்தனை பேரையும் உட்காரவைத்துக் கேட்பதற்குள் உயிர் போய்விடும். முனகிக்கொண்டே சேமித்தாள்.