ஸ்டீயரிங்கை வலது பக்கம் மாற்றினேன்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக உட்கார்ந்து பாலங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் வரைந்தவன் நான். எங்கள் வீட்டில் கார் ஓட்டியவள் என் மனைவி. சாந்தோம் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். மந்தைவெளியில் எங்கள் தெருவில் ஸ்டீயரிங்கைப் பிடித்த முதல் பெண் அவள்தான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்தாள் என்றால், சந்தில் நிற்கிற தயிர்க்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டிய அவசியமே இருக்காது. அவ்வளவு கச்சிதம். நான் பக்கத்தில், இடது சீட்டில் உட்கார்ந்து போவேன். "பொண்டாட்டி ஓட்றா, தொரை சொகுசா உக்காந்து போறாரு பாரு" என்று தெருவில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மழையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவர்கள்தான், நான் இல்லை.

அந்தக் கார் இத்தாலியில் பிறந்தது. நம் ஊருக்கு வந்து, நம் ஊர்ப் பெயரும் வைத்துக்கொண்டு, டாக்ஸியாகவும் கல்யாணக் காராகவும் ஓடித் தேய்ந்த சின்னக் கார். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எங்களிடம் முப்பத்தோரு வருஷம் ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் கண்ணைப் பரிசோதித்த டாக்டர், கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார். நேரே பார்த்தால் எழுத்தெல்லாம் நன்றாகத் தெரியும், ஓரத்துப் பார்வைதான் சுருங்கிக்கொண்டே வருகிறது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்றார். அவள் ஒரு எதிர்ப்பேச்சும் பேசவில்லை. காரை வாங்கியவர்கள் கயிறு கட்டி இழுத்துப் போன அன்று அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கப்புறம் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வேளாங்கண்ணிக்கு ஓட்டிப்போன கதையை வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் காதைப் புளிக்கவைத்தவள், நான் பேச்சை எடுத்தாலே, "அது போச்சு, விடுங்க" என்று எழுந்து போய்விடுவாள். எனக்கு அந்த மௌனம்தான் தாங்கவில்லை. அவள் ஓட்டியதில் அவளைவிட எனக்குப் பெருமை அதிகம்.

அப்போதுதான் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகள் ஒரு பெரிய பெட்டி அனுப்பினாள். மாடல் கார் செய்கிற கிட். எட்டில் ஒரு பங்கு அளவு, செய்து முடித்தால் ஒன்றரை அடிக்கு மேல் நீளம் வரும். கதவு திறக்கும், பானெட் திறக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். மூடியில் இருந்த படத்தைப் பார்த்ததும், "சேசுவே!" என்று கத்திவிட்டேன். எங்கள் காரேதான்! ஆனால் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. இத்தாலிக்காரன் ஓட்டுகிற வண்டி ஆயிற்றே.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தப் பெட்டியில் இருக்கிற இத்தாலிக் காரை என் மனைவியின் காராக மாற்றுவேன். அதைப் பார்த்து, "இது என் வண்டி" என்று அவள் வாயால் ஒரு தரம் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவளிடம் சொன்னபோது, "பொம்மை செய்ற வயசா இது? சரி, செய்ங்க. முடிஞ்சப்புறம் பாக்குறேன்" என்றாள். சொன்னபடியே பதினோரு மாதம் என் மேஜைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, நான் செய்தது லேசான வேலை இல்லை. கிட்டோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் பாகத்தை எடு, ஒட்டு, அடுத்ததை எடு என்றுதான் இருக்கிறது. இடம் வலம் மாற்றுவதற்கு அதில் வழி கிடையாது. டேஷ்போர்டு, ஸ்டீயரிங் கம்பி, கம்பியோடு ஒட்டிய கியர், வைப்பர், கால்மிதிகள் எல்லாவற்றையும் டிரேசிங் தாளில் அளவெடுத்து வரைந்தேன். வரைந்து தாளைப் புரட்டிப் போட்டேன். இடம் வலமாகிவிட்டது. என் தொழிலில் தினம் செய்கிற வேலைதான் இது. பிறகு பித்தளைத் தகட்டையும் பிளாஸ்டிக் தகட்டையும் அந்த வரைபடத்துக்கு வெட்டி, அரத்தால் ராவி, ஒட்டினேன். அந்தக் காரில் கியர் ஸ்டீயரிங் கம்பியிலேயே இருக்கும். இத்தாலிக்காரன் அதை வலது கையால் போடுவான், நம் ஊரில் இடது கையால் போட வேண்டும். புரட்டிய தாளில் அதுவும் தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

சீட்டுக்கு வேறு அலைந்தேன். எங்கள் காரின் சீட் செங்கல் நிற ரெக்ஸின். நிஜ ரெக்ஸினை இந்த அளவுக்குப் போட்டால் யானைத் தோல் மாதிரி தடித்துத் தெரியும். தியாகராய நகரில், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு, கடைசியில் ஒரு கடையில் மெல்லிசான செங்கல் நிறப் பர்ஸ் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

"மேடத்துக்கா சார்? கிஃப்ட் பேக் பண்ணட்டா?" என்றான் கடைக்காரன்.

"மேடத்தோட காருக்கு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பெயின்ட் அடிக்க, எங்கள் காருக்கே இரண்டு தரம் பெயின்ட் அடித்த டிங்கரிங் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். இரண்டு தெரு தள்ளித்தான் கடை.

"இன்னா சார், வண்டி இப்டி எளச்சிப் பூட்ச்சு?" என்று சிரித்தார். அப்புறம் மேலே கீழே திருப்பிப் பார்த்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு, "டீச்சரம்மா வண்டிதான இது? அந்தப் பச்ச கலர் நம்ம கிட்ட இன்னும் கீது சார். டப்பா அடில கொஞ்சம் ஒட்டிக்கினு கீது" என்றார். தின்னர் ஊற்றிக் கரைத்து, நிஜக் காருக்கு அடிக்கிற துப்பாக்கியாலேயே அடித்துக் கொடுத்தார். அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலையைக்கூட ஊசி மணியில் கோத்துப் போட்டேன். இடது பின்கதவில் பள்ளிக்கூட கேட் உரசிய கோடு, டேஷ்போர்டுப் பெட்டியின் உடைந்த கைப்பிடி, என் பக்கத்துக் கதவில் கழன்று தொங்கிய ரப்பர், ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், காப்பியைக் கையில் கொடுத்து அவளைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தேன். காரைக் கொண்டுவந்து அவளுக்கு நேரே வைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண்ணைப் போல நின்றேன்.

அவள் காப்பியைத் தள்ளி வைத்தாள். பச்சையைத் தடவினாள். கேட் உரசிய கோட்டில் விரல் நின்றது. "அட, இதுகூடவா" என்று சிரித்தாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, கண்ணை நேராக வைத்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னங்க, க்ளட்ச் எங்க?"

"இருக்கே. நல்லாப் பாரு. மூணும் இருக்கு."

"மூணும் இருக்கு. ஆனா க்ளட்ச் வலது பக்கம் இருக்கு. ஆக்ஸிலேட்டர் இடது பக்கம் இருக்கு."

"ஆமா, இடது பக்க வண்டிய வலது பக்கம் மாத்தினா எல்லாம் மாறத்தானே செய்யும்?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஸ்டீயரிங் மாறும், கியர் மாறும். காலு எப்படிங்க மாறும்? இத்தாலிக்காரனுக்கும் வலது கால் வலது கால்தானே? எந்த ஊர் வண்டியானாலும் இடது காலுக்குத்தான் க்ளட்ச்" என்று சொல்லி, மேஜைக்கு அடியில் இடது காலைத் தரையில் அழுத்திக் காட்டினாள்.

முப்பத்தோரு வருஷம் அந்தக் காரில் போனவன், உடைந்த கைப்பிடி வரை நினைவு வைத்திருந்தவன், அவள் காலடியில் என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தாளைப் புரட்டினேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மூக்கு உடைந்தால் எனக்கு உடனே கோபம் வரும்.

"பதினோரு மாசம் உசுர விட்டிருக்கேன். இத்துனூண்டு பெடல், அத யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்று கத்தினேன்.

"நான் பாத்துட்டேனே" என்றாள். காரை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். "ரொம்ப அழகாப் பண்ணிருக்கீங்க. நெஜமாச் சொல்றேன். ஆனா இத என்னால ஓட்ட முடியாதுங்க. இது என் வண்டி இல்ல."

எழுந்து போய்விட்டாள். காப்பி ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

இரண்டு நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. செய்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்று புலம்பிக்கொண்டு லஸ் முனை வரை போவதும் வருவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் ஹேக்சா பிளேடை உடைத்துச் சின்னத் துண்டாக்கி, மிதிகளை எடுப்பதற்காக டேஷ்போர்டை அறுக்க உட்கார்ந்தேன். ஒட்டினால் பிரியாத பசையைத் தேடித் தேடி வாங்கிப் போட்டிருந்தேனே, லேசில் வருமா? முன்கண்ணாடி விரிசல் விட்டது. டேஷ்போர்டு இரண்டாக வந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"ஐயோ, எதுக்குங்க இத உடைக்கிறீங்க? ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நீ பேச்சுக்குச் சொல்றவளா? உக்காரு. எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்தாள். மூன்று மிதியும் ஒரே உயரம் இல்லை, ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் தாழ்வாக இருக்கும் என்றாள். க்ளட்ச் ரப்பர் ஒரு ஓரம் தேய்ந்து இரும்பு தெரியும் என்றாள். ஏன் என்று கேட்டேன். அங்கே திறந்தது வாய். மூன்று வருஷமாக அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் மடை உடைந்து வந்தது. நான் தகட்டை ராவிக்கொண்டே கேட்டேன். மறுநாள் நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் மந்தைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றபோது, எனக்கு நெஞ்சுவலி வந்து, அவள் என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். வழி நெடுக ஆட்டோவும் பைக்கும் நின்றுபோய்க் கிடந்தன. மாதா அருளால் எங்கள் வண்டி மட்டும் நிற்காமல் போனது என்றுதான் எங்கள் கோயில் பங்கில் எல்லோரிடமும் இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன். அதை அவளிடமும் சொன்னேன்.

"மாதா அருள் உண்டு, இல்லேன்னு சொல்லல" என்றாள். "ஆனா நீங்க கண்ண மூடிக்கிட்டு ஜெபமால சொல்லிட்டிருந்தீங்க. நான் ஃபர்ஸ்ட் கியர்லயே, ஹாஃப் க்ளட்ச்லயே, மூணு கிலோமீட்டர் வந்தேன். ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா சைலன்சர்ல தண்ணி ஏறிடும். எடுக்கவே இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கும்போது இந்தக் காலு மரத்துப்போச்சு. ஒரு நிமிஷம் கதவப் பிடிச்சிட்டு நின்னேன். அந்த ரப்பர் ஏன் தேஞ்சுதுன்னு கேட்டீங்களே, இப்படித்தான் தேஞ்சுது."

என் கையிலிருந்த அரம் நின்றுவிட்டது. என் உயிர் அன்றைக்கு அவளுடைய இடது காலில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. "ஏம்மா இத இத்தன வருஷம் சொல்லல?" என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க?" என்று சிரித்தாள். எனக்கு அழுகையாக வந்தது. அழுகையோடு அழுகையாக, நெஞ்சு விம்மப் பெருமையாகவும் இருந்தது. அந்தச் சிரித்த தெருக்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மிதிகளைப் புதிதாகச் செய்தேன். இடது காலுக்கு க்ளட்ச், வலது காலுக்கு பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும். க்ளட்ச் ரப்பரின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, அடியில் பித்தளை தெரிய வைத்தேன். முன்கண்ணாடிக்குச் சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் மேல்மூடியை வெட்டிப் போட்டேன். டேஷ்போர்டை மறுபடி ஒட்டினேன். இரண்டு மாதம் ஆனது. இந்தத் தரம் காப்பியெல்லாம் போடவில்லை. சாயங்கால வெளிச்சம் போவதற்குள் ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வைத்து, "வந்து பாரு" என்றேன்.

கதவைத் திறந்தாள். குனிந்தாள். பென்சில் நுனியால் க்ளட்சைத் தொட்டாள், பிரேக்கைத் தொட்டாள், ஆக்ஸிலேட்டரைத் தொட்டாள். முகத்தைச் சுளித்தாள். போச்சுடா, இன்னும் ஏதோ தப்பு என்று நினைத்தேன்.

"சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளுங்க" என்றாள். "இவ்வளவு தூரத்துல இருந்தா க்ளட்ச் எனக்கு எட்டாது."

அந்தக் காரில் முன்சீட் ஒரே நீள சீட். அவளுக்காக முன்னால் தள்ளினால் பக்கத்தில் இருக்கிறவனும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். அவள் ஐந்தடி, நான் ஆறடி. முப்பத்தோரு வருஷம் என் முட்டி இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. சாமண இடுக்கியை எடுத்து, இன்னும் பசை போடாத சீட்டைப் பிடித்தேன். அவள் போதும் என்று சொல்கிற வரைக்கும் தள்ளினேன்.