அடுப்பில் கோளாறு இருந்திருந்தால்

நோரீன் என் தம்பி எல்வுட்டின் மனைவி. டாட்ரோ குடும்பத்துப் பெண். அவள் அப்பாவுக்கு இரண்டு தாரம். இளையவள் பெற்றதில் இவள்தான் மூத்தவள். அவர்கள் பண்ணையின் கடைசி வேலிக்கு அந்தப் பக்கம் கனடா.

கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே எல்வுட் மரம் வெட்டும் முகாமுக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும், வீட்டைச் சூடாக வைக்கும் விறகு அடுப்பும்தான். ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாள். நெருப்பு அணைந்து, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, சமையலறை முழுக்கப் பனிக்கட்டி. என் அம்மா வந்து பார்த்துவிட்டு, "டாட்ரோ வீட்டுப் பொண்ணுங்களுக்கு நெருப்பைப் பாத்துக்கக்கூடச் சொல்லித் தரலையா?" என்று கேட்டாள். அம்மா வாய் அப்படி. அதற்குப் பிறகு அவள் குளிர்காலத்தில் நன்றாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. பிரசவமாகி வந்த வாரத்தில்கூட, பிள்ளை ஒரு கையில், விறகு ஒரு கையில். சனிக்கிழமை பீன்ஸ் பானை அவள் அடுப்பில் வெந்தால்தான் எங்கள் வீட்டு ஆண்களுக்கு இறங்கும்.

எல்வுட்டுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்த வருஷம், மகள் ஷார்லீன் பழைய இரும்பு அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக் கொடுத்தாள். அதற்குள் தேன்கூடு மாதிரி துளைத்துளையாக ஒரு வட்டு இருக்கிறது. புகை அதன் வழியாகப் போகும்போது மறுபடி எரிந்து சூடாகிவிடும். பாதி விறகு போதும். ஒழுங்காக எரியும்போது சுடரே தெரியாது. கண்ணாடிக் கதவு கறுப்பாகக் கிடக்கும், வீடு மட்டும் கதகதவென்று இருக்கும். "பொணம் மாதிரி கெடக்குது, இதுவும் ஒரு அடுப்பா?" என்பாள் நோரீன். ஆனாலும் பழகிக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின. அப்புறம் என்னைப் பார்த்து என் அம்மா என்று நினைத்துப் பயந்து எழுந்து நிற்க ஆரம்பித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில்தான் அடுப்பு கிறுக்குப் பிடித்த மாதிரி எரியத் தொடங்கியது. எல்வுட் விறகுக் கொட்டகைக்குப் போய்த் திரும்புவதற்குள், அடுப்பு மேல் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கும். ஒரு தடவை புகைக்குழாயே சிவந்து, சுவர் பெயின்ட் பொரிந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஷார்லீன் வந்திருந்தாள்.

"அப்பா, இது அடுப்பு செய்யற வேலையா, அம்மா செய்யற வேலையா?"

"அடுப்புதாம்மா. அம்மா என்ன செய்வா?"

"அடுப்புன்னா சரி பண்ணுங்க. அம்மான்னா, நான் டவுன்ல மறதி வந்தவங்களப் பாத்துக்கற இல்லத்துல இடம் கேட்டு வெச்சிருக்கேன். ரெண்டு பேரையும் சாம்பலா அள்ள என்னால முடியாது."

எல்வுட் அப்படி ஒரு வெறியோடு எதையும் பழுது பார்த்து நான் கண்டதில்லை. விறகு அதிகம் காய்ந்திருந்தாலும் இப்படி எரியும் என்று யாரோ சொல்ல, மேப்பிள் விறகில் பாதியை ஒதுக்கிவிட்டு, ஈரம் மிச்சமிருந்த பீச் மர விறகைக் கலந்தான். காற்று வரும் மூடி சிக்கிக்கொண்டதா என்று கழற்றித் துடைத்தான். தேன்கூட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு விரிசல் இல்லை. கதவைச் சுற்றி அடைத்திருக்கும் தீப்பிடிக்காத கயிறு தளர்ந்தால் காற்று உள்ளே போகும். அதற்கு ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார்கள், சுலபமாக வந்தால் கயிறு போச்சு என்று அர்த்தம். மேல் மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. உடனே எனக்கு போன்.

"அக்கா! கெடைச்சிருச்சுக்கா! கயிறுதான்! நோரீன் இல்ல, கயிறு!"

போனிலேயே அழுதான், அறுபது வருஷம் மரம் வெட்டினவன். புதுக் கயிறு ஒட்டினான். அடுப்பு நாலு நாள் சமர்த்தாக இருந்தது. ஐந்தாம் நாள் மறுபடி சிவப்பு.

புகைபோக்கி சுத்தம் செய்யும் லூசியனைக் கூப்பிட்டான். அவன் கூரை மேல் ஏறி, இறங்கி, அடுப்புக்குள் தலையை விட்டு, முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தான். "எல்வுட், உன் அடுப்பு உன்னவிட ஆரோக்கியமா இருக்கு. இதுக்கு இடுப்பு ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"இன்னொரு தடவை பாருய்யா."

"பாத்துட்டேன்யா."

"மறுபடி பாரு."

லூசியன், பக்கத்தில் நின்றிருந்த என் முகத்தைப் பார்த்தான். பிறகு இன்னொரு முறை கூரை ஏறினான். பாவம், நல்ல மனுஷன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் நான் ரொட்டி கொண்டுபோனேன். எல்வுட் விறகு எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். நோரீன் அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். கண்ணாடி கறுப்பாக இருந்தது. அவள் குனிந்து, கீழே சாம்பல் அள்ளும் சின்னக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தாள். பழைய இரும்பு அடுப்பில் நாங்கள் எல்லாரும் செய்ததுதான். நெருப்பு மங்கினால் சாம்பல் கதவைக் கொஞ்சம் திறப்போம், அடியிலிருந்து காற்றேறிப் பிடித்துக்கொள்ளும். இந்த அடுப்பில் அப்படிச் செய்தால் கொல்லன் உலைதான். எங்களைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, அணைய விடல. சத்தியமா அணைய விடல. இதோ புடிச்சிருச்சு பாருங்க."

என் அம்மா செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எல்வுட் கையிலிருந்த விறகைக் கீழே வைக்கவே மறந்து நின்றான். பிறகு போய்க் கதவைச் சாத்தினான். "நல்லா எரியுதுடி. நீ உக்காரு" என்றான்.

எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது, ஷார்லீனிடம் சொல்லவில்லை. எல்வுட் சாம்பல் கதவைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினான். மறுநாளே நோரீன் அந்தக் கம்பியை அவிழ்க்கப் பார்த்து இரண்டு உள்ளங்கையையும் சுட்டுக்கொண்டாள். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லையாம், கைவிடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தாளாம்.

ஷார்லீன் வந்து கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள். "அடுப்பாப்பா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருப்பேன்.

"அடுப்பு இல்லம்மா" என்றான்.

கூட்டிக்கொண்டு போகும் நாளில் நோரீன் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தவள், அதற்கு மேல் நகரமாட்டேன் என்றாள்.

"நெருப்ப யாரு பாத்துப்பா?"

"நான் பாத்துக்கறேன், நோரீன்" என்றேன்.

அன்றைக்கு என்னை அடையாளம் தெரிந்தது அவளுக்கு. "நீயா, பெர்னிஸ்? ஒரு ரொட்டியக் கருக்காம சுட்டிருக்கியா நீ?" என்று சிரித்தாள். ஷார்லீனும் சிரித்தாள், அழுதுகொண்டே. பிறகு நோரீன் கட்டுப் போட்ட கையால் என் கையைப் பிடித்தாள். "உள்ள இருட்டா தெரிஞ்சா பயப்படாத. கீழ்க் கதவக் கொஞ்சமா தெற. எல்வுட் குளிர்ல வருவான்."

"சரி நோரீன்."

அதற்குப் பிறகுதான் படி இறங்கினாள்.

நான் சொன்ன சொல்லுக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எல்வுட் மட்டும் திரும்பி வந்தான். வந்தவன் கோட்டைக் கழற்றாமல், பூட்ஸோடு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தான். முள் இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றது. கண்ணாடி கறுப்பாக இருந்தது. வீடு நல்ல சூடு.

"கோட்டையாவது கழட்டுடா" என்றேன்.

"குளிருதுக்கா" என்றான்.