ரெண்டு பதிமூணு

தச்சநல்லூர் பேட்டரிக் கடையில் வேலை பார்க்கிற செந்தூர்பாண்டிக்கு அந்த மாதம் பைத்தியம் பிடித்திருந்தது. பைக் கைப்பிடி, தோசைக் கரண்டி, குடைக்காம்பு என்று எது கையில் கிடைத்தாலும் இடக்கை விரல் நாலும் அதன் மேல் ஏறி நண்டு மாதிரி நடந்தன. பேட்டரி வாங்க வந்த ஒருவர், "என்னவே, கையில வலிப்பா?" என்று கேட்டே விட்டார்.

வலிப்பெல்லாம் இல்லை, கிட்டார். செந்தூர்பாண்டி, பூதத்தான் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். ஆற்றங்கரை ஊர்களில் கோயில் கொடை, காதுகுத்து என்று அவர்கள் ஏறாத மேடை கிடையாது. அண்ணாச்சிதான் குழுவுக்கு முதலாளி, அவரேதான் பாடகர். கீபோர்டு வாசிக்கிற ஆமிர் புதுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் கிட்டார் சத்தமே வந்தது. அண்ணாச்சி கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"ஏலே செந்தூரு, தப்பா நெனைக்காத. பெட்டிக்குள்ளயே நீ இருக்கியே. வார கொடையோட கிட்டாரை நிறுத்திக்கிடுவோம்."

மீசை அரும்பிய நாளிலிருந்து தோளில் கிடக்கிற கிட்டார். அதை இறக்கி வைத்துவிட்டு வெறும் பேட்டரிக்காரனாக இருக்க அவனுக்கு மனசில்லை. பெட்டிக்குள் இல்லாத ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். போனில் தேடித் தேடிப் பார்த்ததில் அகப்பட்டது பதிமூணாம் கார்டு.

"என்ன கார்டு போடுதீக? ரேசனா, ஆதாரா?" என்றாள் மனைவி அனுராதா.

இந்தக் கார்டு வேறு. பல சுரங்களை ஒரே மீட்டலில் சேர்த்து ஒலிக்க வைப்பது. சாதாரணக் கார்டுக்கு ச, க, ப என்று மூன்று போதும். இவன் பிடித்ததோ மாடிக்கு மேல் மாடி. ஒரு சுரத்தை எடு, அடுத்ததைத் தாண்டு. ச, க, ப, நி என்று ஏறி, மேல் ஸ்தாயிக்கும் போய்விட்டால் ஒன்பதாவது ரி, பதினொன்றாவது ம, பதிமூன்றாவது த. சமையல் மேடையில் சுரத்துக்கு ஒன்றாக டம்ளர்களை வரிசையாக வைத்து அவளுக்கு விளக்கினான். கண்ணெல்லாம் பளபளத்தது.

அனுராதா எண்ணிப் பார்த்தாள். "ஏழு டம்ளரு. கம்பி ஆறுதான? விரலு நாலுதான?"

கேள்வி என்னவோ நியாயம்தான். ஆனால் சந்தோஷத்தில் இருக்கிறவன் எங்கே காதில் வாங்கினான்? ஒத்திகையில் ஆறு கம்பியிலும் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையும் அள்ளிப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தான். அண்ணாச்சி பாட்டை நிறுத்திவிட்டார்.

"என்னலே இது, கொடைச் சோத்துல ரசத்தையும் பாயசத்தையும் ஒண்ணா ஊத்துன கணக்கா இருக்கு?"

வீட்டுக்கு வந்து மறுபடி டம்ளர்களை அடுக்கி வைத்துக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அனுராதா காப்பி போட்டாள். ஊற்ற வேண்டுமே! வரிசையிலிருந்து 'ச'வை எடுத்தாள், ஆற்றுவதற்கு 'ப'வை எடுத்தாள். பதறிப்போய் வாயைத் திறந்தவனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ச போனால் என்ன? ஆமிர் இடக்கையில் அதைத்தானே அமுக்கிக்கொண்டிருக்கிறான். ப போனதை யார் தேடப்போகிறார்கள்? க இருக்கிற இடத்தில் ம வந்தால் இடிக்கும், அதையும் இவனே எடுத்து அவள் கையில் கொடுத்தான். மிச்சம் நி, க, த, ரி. நாலு சுரம், நாலு விரல்! அனுராதாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். காப்பி பூராவும் சட்டையில்.

கொடை, சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊரில். பொழுது சாய மேடை ஏறினார்கள். இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் பாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். டிரம்ஸ் அடிக்கிற செல்வமணிக்கு நம்பர் காதில் விழுந்தால் போதும், குச்சி தானாகப் போய்விடும்.

அண்ணாச்சி ஒரு காதல் பாட்டைப் பைய இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார். சரணம் முடிகிற இடத்தில் செந்தூர்பாண்டி நாலு விரலையும் வைத்து மீட்டினான். அடடா! பந்தல் முழுக்க ஒரு வெளிச்சம் பரவியது போல இருந்தது அவனுக்கு. அண்ணாச்சியே பாடியபடி தலையைத் திருப்பிப் பார்த்தார். ஆமிர் வாயைப் பிளந்து, "என்னவே அது?" என்றான். செந்தூர்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினான்.

"பதிமூணு!"

குழுவின் கணக்கில் பதிமூணு என்றால் அம்மன் பாட்டு. செல்வமணியின் குச்சி உடுக்கை அடியில் போய் விழுந்தது. காதல் பாட்டு நடுவழியில் நிற்க, பெண்கள் குலவையிட்டார்கள். சாமியாடி துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஏய்!" என்று எழுந்துவிட்டார்.

சாமி வந்த பிறகு தாளத்தை நிறுத்த முடியுமா? அண்ணாச்சி கண்ணால் எரித்தபடியே அம்மன் பாட்டைத் தொடங்கினார். ஆமிரின் பெட்டியோ இன்னும் காதல் தாளத்திலேயே கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுச் சரியான பொத்தானைத் தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். மிச்சம் டிரம்ஸும் கிட்டாரும்தான். செந்தூர்பாண்டிக்குப் பயத்தில் விரல் எழும்பவில்லை. பிடித்த பிடியை அப்படியே கிட்டார் கழுத்தில் ரெண்டு கட்டம் கீழே இழுத்தான், மேலே ஏற்றினான், உடுக்கை அடிக்கு வெட்டி வெட்டி மீட்டினான். பதிமூணுக்குள் பதிமூணு போய் உட்கார்ந்துகொண்டது. சாமியாடி ஆடின ஆட்டத்தில் பந்தல்கால் குலுங்கியது. பயம் எங்கோ போய், செந்தூர்பாண்டிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

இறங்கியதும் கொடைக் கமிட்டித் தலைவர் ஓடி வந்தார். "பூதத்தான் அண்ணாச்சி, வார வருசமும் நீருதான். அந்தக் கிட்டாருக்குல்லா அம்மா எறங்குனா!"

அண்ணாச்சி ஆமிர் பக்கம் திரும்பினார். "அந்தச் சத்தம் ஒம் பெட்டியில இருக்கா?"

"தேடிட்டேன் அண்ணாச்சி. இல்ல."

வேனில் ஏறும்போது அண்ணாச்சி செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டார். "ஏலே செந்தூரு, அடுத்தது உடன்குடி. கிட்டாரை எடுத்துட்டு வந்துரு. ஆனா பதிமூணு ஒங் கையில மட்டும் இருக்கணும். வாயில வந்துது, தொலைச்சிருவேன்."

செந்தூர்பாண்டி வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு, மண்டையை மட்டும் ஆட்டினான்.