அறைந்தால் அதிரும் கல்

போன மாசம் ஒரு காலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தின் மணலில் நின்றுகொண்டு, ஒருவர் ஒரு பொட்டியை அறைவதைப் பார்த்தேன்.

தட்டல் இல்லை. அறை. பளார்!

அதுவரை உம்மென்று கிடந்த பொட்டி, உடனே பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தது.

"பாத்தியாமா? தெனம் ஒண்ணு வாங்கிகினாத்தான் கெளம்புது," என்றார் அறைந்தவர். பெயர் ஏழுமலை. மீன்பிடிக்கச் சொந்தமாக ஃபைபர் போட்டு ஒன்று வைத்திருக்கிறார். அந்தக் குப்பத்தில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

பக்கத்தில் நின்ற மஞ்சுளா கன்னத்தைத் தடவிக்கொண்டாள். பொட்டியைப் பெற்றவள் அவள்தானே!

மஞ்சுளா, நாவலூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் எனக்கு மேல் வீடு. கண்ணாடிக் கட்டிடத்தில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு, இரண்டு வருஷமாக இந்தப் பொட்டியோடு மல்லுக்கட்டுகிறாள். போட்டில் மாட்டினால், போட்டு எங்கே இருக்கிறது என்று கரையில் இருப்பவர்கள் போனில் பார்க்கலாம்; ஆபத்தென்றால் தேடிப் போகலாம். அந்தக் குப்பத்தில் ஆறு போட்டுகளில் வெள்ளோட்டம். ஞாயிற்றுக்கிழமை போட்டுக்காரர்கள் கூடி முடிவு சொல்வார்கள்... வைத்துக்கொள்வதா, ஆறையும் கழற்றிக் கொடுத்துவிடுவதா.

நான் எதற்குப் போனேன்? கடல் பார்க்க. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

"அண்ணா, தட்டினா ஓடுதில்ல? ரெண்டு மாசம் டைம் கொடுங்க, சரி பண்ணிடறேன்," என்று கெஞ்சினாள் மஞ்சுளா.

ஏழுமலை சிரித்தார். "இன்னாமா பேசுற? தட்டினா ஓட்ற சாமான வூட்ல வெச்சிக்கலாம். கடல்ல நானே தண்ணில கெடந்தா, இத்த யாரு அறையறது? மீனா?"

திருப்போரூர் வழியாகத் திரும்பினோம். முருகன் கோயில் பக்கம் வண்டி மெதுவாகப் போனபோது மஞ்சுளா கையெடுத்துக் கும்பிட்டாள். இஞ்சினியர் கும்பிட்டால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

மத்தியானம் லேப்டாப்போடு கீழே இறங்கி வந்தாள்.

"பாருங்கக்கா. கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல ஓடுது. ஒவ்வொரு தடவையும் ஓடுது! அப்புறம் கடற்கரைல மட்டும் என்ன கேடு?"

திரையில் ஒரு சர்க்யூட் படம், அதன் கீழே ஓர் அலை. அழகான, ஒழுங்கான அலை. எனக்கு அதைத் தவிர ஒன்றும் புரியவில்லை. கேட்டேன். சொன்னாள்.

பொட்டிக்குள் சீரகம் அளவுக்கு ஒரு டப்பி. அதற்குள் ஒரு துணுக்குக் குவார்ட்ஸ் கல். மின்சாரம் பட்டால் அது அதிரும் — விநாடிக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு தடவை. அதை எண்ணித்தான் பொட்டி மணி பார்க்கிறது. கல் அதிராவிட்டால் பொட்டிக்கு நேரம் தெரியாது. நேரம் தெரியாவிட்டால் சிக்னல் கிடையாது.

"சரி, இந்தப் படத்துல கல்லைக் காணோமே? காயில், கெபாசிட்டர், ரெசிஸ்டர்னு என்னவோ வரைஞ்சு வெச்சிருக்கே?"

"அதுதான்க்கா கல்லு. உள்ள காயிலெல்லாம் கிடையாது. ஆனா கரண்ட் கொடுத்தா, அது மூணும் வரிசையா இருக்கிற மாதிரியே நடந்துக்கும். பக்கத்துல இன்னொரு கெபாசிட்டரை மாட்டிட்டா கணக்கு சரியாயிடும்."

காயில் என்கிற கம்பிச்சுருள், கல்லின் கனம். கெபாசிட்டர், அதன் துள்ளல். ரெசிஸ்டர், அதன் களைப்பு. நாலாவது, கல்லின் மேல் பூசிய உலோகம். அந்தக் காயிலை நிஜமாகச் சுற்றினால் என் ஹாலில் சோபா போட இடம் இருக்காதாம்!

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கல்லைப் பார்த்து, கனம், துள்ளல், களைப்பு என்று நான் எழுதினால் "அக்கா கவிதை பண்றாங்க" என்று சிரிக்கிறார்கள். இவர்கள் அதையே நாலு கோடாக வரைந்தால் மாடல். சம்பளம் வேறு.

எரிச்சலில்தான் கேட்டேன். அறிவில் இல்லை.

"ஏழுமலை பொட்டியை அறையறாரே... இதுல யாரு அறையறது?"

"இதுல யாரும் அறைய வேணாம்க்கா. சிமுலேஷன்ல தானா..."

நிறுத்திவிட்டாள். திரையில் மேலே போனாள். ஒரு வரியில் வந்து நின்றாள்.

"என்னம்மா?"

"நான்தான்க்கா அறைஞ்சிருக்கேன்."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் உலகம் ரொம்ப சுத்தம். காற்று இல்லை, தூசி இல்லை, சின்ன நடுக்கம்கூட இல்லை. அந்த அமைதியில் கல் அதிர ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. நிஜத்தில் எங்கும் ஒரு சிறு இரைச்சல் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் கல் மெல்ல மெல்ல எழும். அதனால் மாடலில் ஆரம்பத்தில் ஒரு சின்னத் தள்ளல் கொடுப்பது வழக்கம்.

சின்னத் தள்ளல் கொடுத்தால் அலை வளர்ந்து வர யுகம் ஆகிறது. கம்ப்யூட்டர் நகர்கிறதா, தூங்குகிறதா என்றே தெரியாதாம். நம் மஞ்சுளாவுக்குப் பொறுமை ஏது? காயிலுக்குள் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தையும் ஏற்றிவிட்டாள். கண் இமைப்பதற்குள் ஓட்டத்தை நிறுத்தியும்விட்டாள். அலை ஜோராக இருந்தது. சந்தோஷமாக ஃபைலை மூடினாள். அந்த ஒரு வரியை மறந்தே போனாள்.

"ஊஞ்சலை ஓங்கித் தள்ளிட்டு, உடனே போட்டோ எடுத்திருக்கேன்க்கா. போட்டோல ஆடத்தானே செய்யும்? இந்தக் கல்லு லேசுல நிக்காது. செத்துக்கிட்டே இருந்தாக்கூட ரொம்ப நேரம் உயிரோட இருக்கிற மாதிரியே காட்டும்."

நீங்களே சொல்லுங்கள். காலையில் ஏழுமலை கையால் செய்ததை இவள் கீ-போர்டில் செய்திருக்கிறாள். அவர் தினமும் ஒப்புக்கொண்டு அறைந்தார். இவள் ஒரே ஒரு தடவை அறைந்துவிட்டு, "தானா ஓடுது" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்!

சொல்லிக்காட்டினேன். முறைத்தாள். ஆனால் கை வேலையைத் தொடங்கிவிட்டது.

ஒரு போட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த பொட்டியைத் திறந்தாள். ஒயர் நுழையும் ஓட்டை வழியாகக் கடல்காற்று புகுந்து, கல்லின் இரண்டு கால்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைப் பூச்சு. உப்பு. கல்லுக்குப் போக வேண்டிய துளி மின்சாரத்தை உப்பு குடித்துக்கொண்டிருந்தது. ஓங்கி ஓர் அறை விழும்போது மட்டும் கல் குலுங்கி எழுந்திருக்கிறது.

படத்தில் உப்புக்கும் ஒரு ரெசிஸ்டர் வரைந்தாள். பெரிய தள்ளலை அழித்துவிட்டு, துளியூண்டு தள்ளல். இந்தத் தடவை அவசரப்படாமல் கடைசிவரை ஓடவிட்டாள். நான் இரண்டு தடவை காபி போட்டேன். அலை வளரவே இல்லை. ஒரு முனகல், அப்புறம் நேர்கோடு.

அந்த நேர்கோட்டைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். தன் தோல்வியைத் திரையில் பார்த்துக் கைதட்டிய ஒரே ஆள் இவளாகத்தான் இருக்கும்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கல்லுக்குச் சுமை குறைய, அதன் இருபுறமும் வெளியே இருந்த இரண்டு கெபாசிட்டர்களைச் சின்னதாக்கினாள். மணி ஒரு துளி தப்புமாம், பரவாயில்லையாம். போர்டின்மேல் உப்பு ஒட்டாத பூச்சு. ஒயர் ஓட்டைக்கு ரப்பர் அடைப்பு. படத்தில் உப்பையும் கொஞ்சம் விட்டுவைத்து ஓட்டினாள். அந்தத் துளித் தள்ளலிலேயே அலை மெதுவாக எழுந்து, கொழுத்து, நின்றது.

படத்தில்தானே? அதுதான் பயம்.

ஆறு பொட்டிகளையும் அப்படியே மாற்றி மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி அதே மணல். ஆறு போட்டுக்காரர்களும் கைகட்டி நின்றார்கள். ஏழுமலை சுவிட்சைப் போட்டார். விளக்கு வரவில்லை. கை தானாக ஓங்கியது.

"அண்ணா, தொடாதீங்க!" மஞ்சுளா போட்ட சத்தத்தில் ஒரு நாய் எழுந்து ஓடியது.

ஒரு விநாடி. இரண்டு. என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான இரண்டு விநாடி பார்த்ததில்லை.

பச்சை.

ஏழுமலை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். மற்ற ஐந்தையும் பார்த்தார். எல்லாம் பச்சை. "கீட்டும் நைனா, கழட்ட வேணாம்," என்றார் மற்றவர்களிடம். மஞ்சுளா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் நேற்று ஏழுமலையிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மா, உம் பொட்டி ரொம்ப நல்லா ஓடுது. அதான் பேஜாரு."

"ஏண்ணா?"

"எம் மச்சான் கரையில குந்திகினு, நானு எங்க வலை வுட்றேன்னு போன்ல பாத்துகினே கீறான். நாலு நாளா நேரா அங்கியே வந்து பக்கத்துல வுட்றான்!"

மஞ்சுளாவின் முகம் செத்தது. "அப்போ... கழட்டிடப் போறீங்களா?"

"கழட்றதா? நல்லா கேட்ட போ! அவன் போட்லயும் ஒண்ணு மாட்டு. அவன் எங்க போறான்னு எனக்கும் தெரியணுமில்ல?"

மஞ்சுளா காட்டிவிட்டுப் போன ஏழாவது பொட்டிக்கான படிவம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. "மாட்டுவதன் நோக்கம்" என்ற இடத்தில் மச்சானே கைப்பட எழுதியிருக்கிறார்: உயிர்ப் பாதுகாப்பு.